பந்தலிலிருந்து பெட்டிக்கு: பெங்களூரில் விழாக்கால வேலையும் ஆவணக்காப்பக இன்டர்ன்ஷிப்பும்

பெங்களூரில் விழா வேலை மூன்று தவணையாக வருகிறது. கன்னடக் கார்த்திக மாதத்தின் கடைசித் திங்களன்று பசவனகுடியில் கூடும் கடலைக்காய் பரிஷேயில் தொடங்கி, டிசம்பர் இலக்கிய விழா வழியாக, ஜனவரியில் குமார கிருபா சாலையை மறித்து நடக்கும் சித்திரச் சந்தை வரை முதல் தவணை. ராமநவமிக் கச்சேரிகள், திகளரபேட்டை கரகம், அல்சூர் பல்லக்கு என்று கோடையில் இரண்டாவது. ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 தேர்ப்பவனி வரை சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத் திருவிழா, அதையொட்டி வரும் பிள்ளையார் சதுர்த்தி மேடைகள் எல்லாம் மூன்றாவது. பெரிய விழாக்களுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே ஆள் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். விழா வாரத்தில் போய்க் கேட்டால் வாசலில் கயிறு பிடிக்கும் வேலைதான் மிச்சமிருக்கும்.

ஆவணக்காப்பக இன்டர்ன்ஷிப்புக்கு இப்படி நாள் நட்சத்திரம் கிடையாது. கஸ்தூர்பா சாலையில் 2023இல் திறந்த கலை, புகைப்பட அருங்காட்சியகமான மேப், ஜே.பி. நகரில் 2019இல் திறந்த இசை அருங்காட்சியகமான இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ், ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்.சி.பி.எஸ்.) 2019இல் தொடங்கிய அறிவியல் ஆவணக்காப்பகம், 1909இல் தொடங்கி இப்போது நிருபதுங்கா சாலையில் இயங்கும் வரலாற்று ஆய்வுச் சங்கமான மிதிக் சொசைட்டி என்று இந்த நகரத்தில் கதவைத் தட்டிப் பார்க்க இடங்கள் உண்டு. சபாக்களும் கோயில்களும் தனிக் குடும்பங்களும் அலமாரியில் அடைத்து வைத்திருக்கும் சேகரிப்புகள் இதில் சேராது. உண்மையில் ஆள் அதிகம் தேவைப்படுவது அங்கேதான்.

இரண்டுக்கும் விளம்பரம் தனித்தனியாக வரும். விண்ணப்பிப்பவர்களும் வேறு வேறு கூட்டம். ஆனால் காப்பகத்து மேசைக்கு வரும் கேசட், விழா மலர், புகைப்படம் பலவும் ஏதோவொரு பந்தலில் பிறந்தவை. அன்று பந்தலில் ஒரு நிமிடத்தில் எழுதியிருக்கக்கூடிய பெயரை, நாற்பது வருடம் கழித்துக் காப்பகத்தில் ஒருவர் அரைநாள் தேடுகிறார். விழாவில் வேலை செய்யும்போதே காப்பகத்துக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து செய்பவர் அரிது. அதனாலேயே அவருக்கு அடுத்த வேலை சீக்கிரம் கிடைக்கிறது.

எந்த வேலையைக் கேட்டு வாங்குவது

வாலண்டியர் என்ற ஒரே பெயருக்குள் ஏழெட்டு வேலைகள் அடங்கியிருக்கும். நுழைவுச் சீட்டு, இருக்கை, ஸ்டால், கலைஞர் உபசரிப்பு, மேடையோர உதவி, அறிவிப்பு, சமூக ஊடகம், ஆவணக் குழு. வாசல் வேலைக்குக் கன்னடம் கட்டாயம். தமிழையும் ஆங்கிலத்தையும் மட்டும் நம்பிச் சாமராஜபேட்டைப் பந்தலில் நாற்காலி ஒழுங்குபடுத்தப் போனால் பெரியவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஸ்டால் வேலையில் காசு உடனே கைக்கு வரும், அதோடு முடிந்தது. சமூக ஊடக வேலை பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும், முப்பது நொடி ரீல்களைக் காப்பகம் கேட்டு வாங்குவதில்லை.

கேட்டு வாங்க வேண்டியவை மேடையோர உதவியும் ஆவணக் குழுவும். அவை கிடைக்காவிட்டால் கலைஞர் உபசரிப்பு. கலைஞர் வந்து இறங்கி மேடை ஏறும் வரை கூடவே இருப்பவர் உபசரிப்பாளர்தான். பெயரை எப்படி எழுத வேண்டும், உடன் வந்திருப்பவர் யார், பதிவுக்குச் சம்மதமா என்பதையெல்லாம் அந்த முக்கால் மணி நேரத்தில் மட்டுமே நிதானமாகக் கேட்க முடியும். கச்சேரி முடிந்தபின் எல்லாரும் காருக்கு ஓடுவார்கள்.

பதிவுக் கருவியும் லாக் ஷீட்டும்

1939இல் தொடங்கிய ஸ்ரீ ராமசேவா மண்டலி, கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் நடத்தும் ராமநவமி இசை விழா ஏறத்தாழ ஒரு மாதம் ஓடும். அந்த அளவுள்ள ஒரு விழாவை எடுத்துக்கொள்வோம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ வேவ் கோப்பாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி. மூன்று மணிக் கச்சேரிகள் முப்பது என்றால் 90 ஜிபி. இரண்டு பிரதி வேறு வேறு வட்டுகளிலும் மூன்றாவது வேறு கட்டடத்திலும் இருக்க வேண்டும் என்பதால் 270 ஜிபி இடம் கேட்டு வைக்க வேண்டும். 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் இது இரட்டிப்பாகும்.

96இல் இன்னொரு சிக்கலும் உண்டு. பல கருவிகளின் நினைவக அட்டை ஒரு கோப்புக்கு 4 ஜிபிக்கு மேல் தாங்காது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே போனதும் கோப்பு உடைந்து அடுத்தது தொடங்கும். அது பெரும்பாலும் தனி ஆவர்த்தனம் (தாளவாத்தியங்களின் தனி வாசிப்பு) சூடுபிடிக்கும் வேளை. நல்ல கருவிகள் இடைவெளி விடாமல் தொடரும், மலிவானவை ஓரிரு நொடியை விழுங்கிவிடும். முதல் நாளுக்கு முன்பே வெறும் அறையில் மூன்று மணி நேரம் ஓடவிட்டுச் சோதிப்பதைத் தவிர இதற்கு வழியில்லை.

ஒலிக்கலவைப் பலகையிலிருந்து நேரடியாக இணைப்பு எடுத்தால் பாட்டு தெளிவாக வரும், ஆனால் கைதட்டலும் பந்தலும் காணாமல் போகும். மேடைக்கு முன்னால் ஒரு ஜோடி மைக் தனித்தடத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது. பலகையிலிருந்து எடுக்கும்போது ஃபேடருக்கு (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி) முந்தைய ஆக்ஸ் (துணை) வெளியீட்டைக் கேளுங்கள். இல்லாவிட்டால் அரங்குக்காக ஒலிக்காரர் செய்யும் ஏற்ற இறக்கமெல்லாம் பதிவிலும் ஏறிவிடும். மைக்குடையதைவிடப் பலமடங்கு வலுவான, பலகையின் லைன் அளவு சமிக்ஞையை மைக் துளையில் செருகினால் தொடக்கம் முதலே கரகரப்பு, அதைப் பின்னால் சரிசெய்ய முடியாது. உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி இருக்கட்டும். மிருதங்கத்தின் அடி அதற்கு மேலே எகிறிக் குதிக்க இடம் வேண்டும். ஜெனரேட்டர் மாறும் நொடியில் மின்சாரம் போய் வரும் என்பதால் கருவிக்குள் பேட்டரியும் இருக்க வேண்டும்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும், லாக் ஷீட் இல்லாத பதிவு காப்பகத்துக்குப் பாதிப் பயன்தான். ஒரு தாளில் வேண்டியவை: இடம், ஆங்கில நாள், தொடங்கிய நேரம், கோப்பின் பெயர், மேடையில் இருந்த ஒவ்வொருவரின் முழுப் பெயரும் வாத்தியமும், ஒவ்வொரு உருப்படிக்கும் முதல் வரி, ராகம், தாளம், இயற்றியவர், கருவியில் ஓடும் நிமிடம். ராகம் தெரியவில்லையென்றால் கேள்விக்குறி போட்டுவிட்டு நிமிடத்தை மட்டும் குறித்தால் போதும், தெரிந்தவர் பிறகு நிரப்புவார். ஊகித்து எழுதியது மட்டும் உள்ளே போகக்கூடாது. தவறான ராகப் பெயர் ஒருமுறை பட்டியலில் ஏறினால் அதைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது.

இந்த வகைப் பட்டியல்களில் எளிதாக நுழையும் பிழை பக்கவாத்தியக்காரர் பெயர். மலரில் ஒரு மிருதங்க வித்துவான் பெயர் அச்சாகியிருக்கும், அவருக்கு உடம்பு சரியில்லாமல் வேறொருவர் வாசித்திருப்பார். கஞ்சிரா, மோர்சிங் போன்ற உபபக்கவாத்தியங்கள் மலரில் இடம்பெறாமலே போவதும் உண்டு. மலரைப் பார்த்து எழுதாமல் மேடையைப் பார்த்து எழுத வேண்டும் என்பதைத்தான் முதல் நாளிலேயே பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும்.

கரகம் போன்ற இரவு விழாவில் தொல்லை தேதியில் வருகிறது. கன்னடச் சைத்ர மாதப் பௌர்ணமி நள்ளிரவுக்குப் பின் கோயிலிலிருந்து கிளம்பி விடிய விடியப் பேட்டைத் தெருக்களில் சுற்றும் ஊர்வலத்தின் படங்கள் எல்லாம் மறுநாள் தேதியில் பதிவாகும். ஒரே விழா இரண்டு உறைகளாகப் பிரிந்துவிடாமல் இருக்க, கோப்புப் பெயரில் விழாவின் குறியீட்டை முதலிலும் தேதியை அடுத்தும் வைப்பது வழக்கம். நான்கு கேமரா இருந்தால் நான்கின் கடிகாரத்தையும் கிளம்பும் முன் ஒரே கைபேசியைப் பார்த்து நொடி வரை ஒத்துப்போக வைக்க வேண்டும்.

காப்பகத்து மேசையில்

இன்டர்ன் என்று சேர்பவருக்கு முதல் வாரத்தில் அரிய பொருள் எதுவும் கையில் கிடைக்காது. பெட்டிகளை எண்ணுவதும் பட்டியல் போடுவதும்தான். இது அலுப்பூட்டும் என்று ஒதுங்குபவர்கள் உண்டு. எண்ணாமல் எந்தத் திட்டமும் போட முடியாது என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு சபாவிடம் 90 நிமிட கேசட் 200 இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 300 மணி நேர ஒலி. கேசட்டை வேகமாக ஓட்டி எண்ணிமமாக்க முடியாது, முழு நேரமும் ஓட வேண்டும். சுத்தம் செய்வது, சரிபார்ப்பது, விவரம் எழுதுவது எல்லாம் சேர்த்து ஒலியின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு என்பது நடைமுறைக் கணக்கு. ஆக 900 மணி. நாளைக்கு ஆறு மணி நேரம் உருப்படியாக வேலை செய்தால் 150 வேலைநாள். மூன்று மாத இன்டர்ன் ஒருவர், ஏறத்தாழ 65 வேலைநாளில், 86 கேசட்டைத் தாண்ட மாட்டார். இருநூறையும் ஒரு கோடை விடுமுறையில் முடித்துத் தரச் சொல்லும் இடத்தில், சேருவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் பணிவாகச் சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

கேசட்டைத் தொட்டதும் செய்ய வேண்டியது, அதன் முதுகிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளை உடைப்பது. அவை இருக்கும்வரை ஒரு தவறான பொத்தான் பழைய பதிவை அழித்துவிடும். அடுத்து, நாடாவை அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு கழன்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பசை காய்ந்து அது விழுவது சாதாரணம், அது இல்லாமல் ஓட்டினால் ஒலி மங்கி மங்கி வரும். வெள்ளைத் தூளாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே கூடாது. மூடிய பையில் போட்டுத் தனியே வைக்க வேண்டும். அது கருவியின் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும், மூச்சுக்கும் ஆகாது. பெங்களூர் வெயில் ஊரில்லை என்ற நிம்மதியில் பலர் பூஞ்சையை மறந்துவிடுகிறார்கள். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் அது வளரத் தொடங்கும், இங்கே மழைக்காலத்தில் மூடிய அலமாரிக்குள் அந்த அளவு சாதாரணம்.

ஓட்டும்போது உயர் ஒலிகள் கம்மினால் நாடா கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பதிந்த கருவியின் தலை சற்றுச் சாய்ந்திருந்திருக்கும். ஓட்டும் கருவியின் தலையோரத் திருகை மெல்லத் திருப்பி, மோனோவில் கேட்டபடியே, தம்புராவும் ஜால்ராவும் கூர்மையாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். கேசட்டுக்குக் கேசட் இது மாறும். கோப்பு உருவானதும் அதன் செக்சம் எண்ணை (கோப்பின் கைரேகை போன்றது) கணக்கிட்டுப் பட்டியலில் சேர்த்தால், பத்து வருடம் கழித்தும் கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று ஒப்பிட முடியும்.

காகித வேலையில் எதிரி ஸ்டேப்ளர் கம்பி. துருப்பிடித்த கம்பியைப் பிடுங்கும் கருவியால் இழுத்தால் தாளும் கூட வரும். பின்புறம் மடங்கிய இரு கால்களையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, முன்புறமாக உருவ வேண்டும். பழைய செலோடேப்பை இன்டர்ன் தொடக்கூடாது, அது காகிதப் பாதுகாப்பு வல்லுநரின் வேலை. எழுதுவதெல்லாம் பென்சிலில். காகிதத்துக்குச் சுத்தமாகக் கழுவி உலர்ந்த கை போதும். பருத்திக் கையுறை போட்டால் விரல் நுனி உணர்வு போய்த் தாள் கிழியும். புகைப்படத்துக்கும் நெகட்டிவுக்கும் நைட்ரைல் கையுறை வேண்டும்.

ஏ4 அளவுப் பக்கத்தை 400 புள்ளி அடர்த்தியில் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் ஒரு டிஃப் கோப்பு 46 எம்பி வரும். நாற்பது பக்க விழா மலர் 2 ஜிபியைத் தொடும். இடத்தை மிச்சம் பிடிக்க விளம்பரப் பக்கங்களை விட்டுவிடுவது பெரிய தவறு. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் எந்த நகைக்கடை, எந்த அச்சகம், எந்த ஓட்டல் எந்த வருடம் இருந்தது என்பதற்கு வேறு எங்கும் சான்று கிடைக்காமல் போகலாம். ஆய்வாளர்களில் பாதிப்பேர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான்.

தமிழ் தெரிந்தவருக்கு மட்டும் வரும் வேலை

பெங்களூர்ச் சேகரிப்புகளில் தமிழ் அழைப்பிதழ், நோட்டீஸ், கடிதம், கணக்குப் புத்தகம் கலந்தே இருக்கும். இங்கே பிறந்து வளர்ந்த பலருக்குத் தமிழ் பேச வரும், கையெழுத்தைப் படிக்க வராது. படிக்கத் தெரிந்த இன்டர்னுக்கு அதனால் நல்ல மதிப்பு.

தேதி முதல் புதிர். பல நோட்டீஸ்களில் ஆங்கில வருடமே இருக்காது. "விகிருதி வருஷம் சித்திரை 5" என்றால் 1950ஆகவும் இருக்கலாம், 2010ஆகவும் இருக்கலாம், ஏனெனில் சுழற்சி அறுபது வருடம். முகவரிதான் துப்புக் கொடுக்கும். அஞ்சல் குறியீடு 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது. அதனால் 560008 என்று அச்சாகியிருந்தால் அதற்குப் பிந்தியது, "பெங்களூர்-8" என்றிருந்தால் முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். மைசூர் மாநிலம் என்றிருந்தால் 1973 நவம்பர் 1க்கு முந்தியது என்று கொள்ளலாம். கொம்புள்ள பழைய ணை, லை, சுழித்த ணா, னா போன்ற வடிவங்கள் 1978இல் தமிழக அரசு கொண்டுவந்த சீர்திருத்தத்துக்கு முந்தியவை, ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. கைவசம் இருந்த பழைய ஈய எழுத்தையே அச்சகம் தொடர்ந்து கோத்திருக்கலாம். இரண்டு துப்பாவது ஒத்துப்போனால் "ஏறத்தாழ" என்று போட்டு வருடம் எழுதலாம், எதை வைத்து என்பதையும் குறிப்பில் சேர்க்க வேண்டும்.

பெயரில் தலைப்பெழுத்துச் சிக்கல். ஆங்கிலத்தில் ஒரே "டி" எழுத்து தஞ்சாவூராகவும் திருச்சியாகவும் திருநெல்வேலியாகவும் இருக்கும், தந்தை பெயராகவும் இருக்கும். ஆதாரமில்லாமல் விரித்து எழுதக்கூடாது. அதேபோல் தோடி ராகத்தை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுவார்கள். தமிழில் ஒரு வடிவம், ஆங்கிலத்தில் ஒரு வடிவம் என்று காப்பகம் முடிவுசெய்து தந்த பட்டியலை மீறாமல் எழுதினால்தான் தேடுபவருக்குக் கிடைக்கும்.

1990களிலும் 2000களிலும் கணினியில் அடித்த மலர்களின் கோப்புகள் இன்னொரு வகை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அழித்துவிடாமல் எழுத்துருவைக் கண்டுபிடித்து யூனிகோடுக்கு மாற்றி, மூலக் கோப்பையும் வைத்திருக்க வேண்டும். பட்டியலை வெறும் உரையாக வைத்திருக்கும் சிஎஸ்வி கோப்பை எக்செலில் இருமுறை சொடுக்கித் திறந்தால் தமிழ் சிதைந்து தெரியலாம், அப்படியே சேமித்தால் போயே போய்விடும். எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று சொல்லி இறக்குமதி செய்ய வேண்டும். பக்க எண் பத்தியையும் தேதிப் பத்தியையும் முதலிலேயே உரை வடிவமாக மாற்றி வைக்காவிட்டால், "3-4" என்ற பக்க எண்ணை எக்செல் தேதியாக்கிவிடும்.

கல்வெட்டுப் பக்கம் போக விரும்புபவருக்கு மிதிக் சொசைட்டி 2021 முதல் நடத்தும் முப்பரிமாணக் கல்வெட்டுப் பாதுகாப்புத் திட்டம் கவனிக்கத் தக்கது. பெங்களூரைச் சுற்றிக் கன்னடக் கல்வெட்டுகளோடு தமிழ்க் கல்வெட்டுகளும் ஏராளம். தொம்லூர் சொக்கநாத சுவாமி கோயிலில் உண்டு. மடிவாளா சோமேசுவரர் கோயிலில் 1247ஆம் ஆண்டுக் கல்வெட்டு வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழுள்ள நிலக்கொடையைப் பேசுகிறது. ஆனால் இன்றைய தமிழ் படிக்கத் தெரிந்தால் மட்டும் இவை பிடிபடாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு இருக்காது, நடுநடுவே கிரந்தம் வரும். பி.எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட, எபிகிராஃபியா கர்நாடிகா என்ற கல்வெட்டுத் தொகுப்பின் ஒன்பதாம் தொகுதியின் வாசகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படங்களோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பழகுவதுதான் தொடக்கப் பயிற்சி.

கையெழுத்துப் போடும் முன்

விழா வேலைக்குப் பணம் பெரும்பாலும் ஒப்பந்ததாரர் வழியாக வரும், விழா நடத்தும் அமைப்பு நேரடியாகத் தராது. எத்தனை நாள், எத்தனை மணி நேரம், சாப்பாடு, இரவு வண்டி, பணம் வரும் தேதி ஆகிய ஐந்தும் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பினால் இரவு வண்டிதான் முதலில் காணாமல் போகும். ஊதியமில்லாத இன்டர்ன்ஷிப்பை, கல்லூரி கிரெடிட் கொடுத்தாலொழிய, ஒரு மாதத்துக்கு மேல் ஏற்கத் தேவையில்லை. இந்த ஊர் வாடகையில் அது வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே கட்டுப்படியாகும்.

உரிமை விஷயத்தில் தெளிவு வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இருந்து செய்யும் வேலையின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்குப் போகும். இன்டர்ன் ஊழியரா இல்லையா என்பது குழப்பத்துக்கு இடம் தரும் என்பதால் கடிதத்திலேயே எழுதி வாங்குவது நல்லது. பாடியவருக்கு 50 ஆண்டு நிகழ்த்துநர் உரிமை தனியாக உண்டு. ஆகவே சம்மதப் படிவத்தில் பதிவு செய்வது, காப்பகத்தில் வைப்பது, அங்கே வந்து கேட்க விடுவது, இணையத்தில் போடுவது என்று நான்கு கட்டங்களும் தனித்தனியாக இருக்க வேண்டும். முதல் மூன்றுக்குச் சரி என்று சொல்லி நான்காவதை மறுக்கும் கலைஞர்கள் உண்டு. ஒரே கட்டமாக இருந்தால் அவர்கள் எல்லாவற்றையும் மறுத்துவிடுவார்கள்.

விண்ணப்பத்தோடு சான்றிதழ்க் கட்டை அனுப்புவதைவிட ஒரு பட்டியல் அனுப்புவது பயன் தரும். வீட்டிலிருக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளில் பத்தை எடுத்து, எண், தலைப்பு, தமிழ் நாள், ஆங்கில நாள், இடம், அச்சகம், அளவு, நிலை, குறிப்பு என்று ஒன்பது பத்திகளில் நிரப்புங்கள். அச்சகத்தின் பெயர் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், அதை விடாமல் எழுதியிருக்கிறீர்களா என்றுதான் தேர்வு செய்பவர் முதலில் பார்ப்பார். குடும்பத்தாரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் அனுப்பும் பிரதியில் இருக்கக்கூடாது.